ஆஸ்ட்ரசிசம்

ஆஸ்ட்ரசிசம் என்பது கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகர அரசில் வாக்கெடுப்பின் மூலம் ஒருவரை 10 ஆண்டுகளுக்கு நாடு கடத்திய முறையாகும். 'ஆஸ்ட்ரகான்' என்னும் கிரேக்கச் சொல் மட்பாண்ட ஓட்டைக் குறிக்கும். குடிமக்கள் தாம் வெளியேற்ற விரும்பியவரின் பெயரை ஓட்டில் கீறி இட்டனர். இதற்கு 6,000 வாக்குகள் தேவைப்பட்டன. கொடுங்கோலாட்சி மீண்டும் தோன்றாமல் தடுப்பதே இதன் நோக்கமாகக் கூறப்பட்டது.

இதில் குற்றச்சாட்டோ விசாரணையோ இல்லை. வெளியேற்றப்பட்டவர் தம் சொத்தையும் குடியுரிமையையும் இழக்கவில்லை. முதல் வெளியேற்றம் கி.மு. 487இல் நிகழ்ந்தது. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற தெமிஸ்டோக்கிளீசும் பின்னர் இவ்வாறே வெளியேற்றப்பட்டார். அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள கிணறொன்றில் அவர் பெயர் பொறித்த சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. அவற்றை எழுதியவர்கள் ஏறத்தாழ 14 பேரே என்பதை எழுத்தமைதி காட்டுகிறது. எனவே, எதிரணியினர் வாக்காளருக்கு வழங்குவதற்காக அவற்றை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தனர் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.