14(எஃப்): ஐதராபாத் காவல்பணியும் ஒரு துணைக்கூறும்

தெலங்கானா உருவான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆற்றுநீரிலோ நிதிப் பங்கீட்டிலோ தொடங்குகின்றனர். ஐதராபாத் நகரில் புதிதாகச் சேரும் ஓர் உதவி ஆய்வாளரின் பணியிடம் யாருக்கு உரியது என்ற கேள்வியை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றனர். 2009-இன் கடைசி மூன்று மாதங்களைப் புரிந்துகொள்ள அந்த அடிக்குறிப்பே முதன்மையான ஆவணம் என்பது என் கருத்து.

'முல்கி' என்பது 'முல்க்' (நாடு) என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மண்ணின் மைந்தர் என்று பொருள். நிஜாம் அரசு 1919-இலேயே பணி நியமனங்களுக்கு இத்தகுதியை வரையறுத்து, பதினைந்து ஆண்டுக் குடியிருப்பைக் கோரியது. 1948-இல் இந்திய ராணுவ நடவடிக்கைக்குப் பின் சென்னை முதலிய மாகாணங்களிலிருந்து அலுவலர்கள் ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டனர். 1952-இல் மாணவர்கள் எழுப்பிய 'இட்லி சாம்பார் திரும்பிப் போ' என்ற முழக்கம் எவரைக் குறித்தது என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

1969 தெலங்கானா கிளர்ச்சியும் 1972-இன் ஆந்திரக் கிளர்ச்சியும் ஓய்ந்தபின், 1973-இல் ஆறு அம்சத் திட்டம் வந்தது. அதன் வழியே அரசியலமைப்பில் 371-டி சேர்ந்தது. 1975 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது. மாநிலம் ஆறு மண்டலங்களாகப் பிரிந்தது. மாவட்ட நிலைப் பணிகளில் 80 விழுக்காடும், அரசிதழ்ப் பதிவு பெறாத மண்டலப் பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூர்த் தேர்வர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஐதராபாத் ஆறாம் மண்டலத்தில் அமைந்தது.

ஆனால் அவ்வாணையின் 14-ஆம் பத்தி சில பணிகளுக்கு விலக்கு அளித்தது. தலைமைச் செயலகம், துறைத் தலைவர் அலுவலகங்கள் என நீளும் அப்பட்டியலின் (எஃப்) கூறு, ஐதராபாத் நகரக் காவல் சட்டம் வரையறுக்கும் காவல் அலுவலர் பணிகளைக் குறிக்கிறது. அச்சட்டத்தின் ஆண்டு 1348 பசலி. நம் வருவாய்க் கணக்குகளில் இன்றும் வழங்கும் அதே பசலிதான், ஏறத்தாழ 1938–39. நிஜாம் காலச் சட்டமொன்றின் வரையறையை 1975-இன் ஆணை மேற்கோளாகக் கொண்டதும், அதன் விளைவு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வெடித்ததும், சட்ட மொழியின் ஆயுள் குறித்து ஆராய்வோர் கவனிக்கத் தக்கவை.

இடைக்காலத்தில் 610 என்ற அரசாணை 1985 டிசம்பரில் வந்தது. ஒதுக்கீட்டை மீறி ஐந்து, ஆறாம் மண்டலங்களில் அமர்த்தப்பட்டவர்களை அவரவர் மண்டலத்துக்குத் திருப்பியனுப்ப 1986 மார்ச் இறுதிவரை கெடு விதித்தது. கெடு கடந்தும் அது முழுமையாக நிறைவேறவில்லை. 2001-இல் அதை ஆராய ஒருநபர் ஆணையம் அமைக்க நேர்ந்ததே அதற்குச் சான்று.

2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நகரக் காவல் பணிகளுக்கு உள்ளூர் ஒதுக்கீடு பொருந்தாது என்று கூறியது. 'ஃப்ரீ ஸோன்' என்ற தொடர் உடனே ஊரெங்கும் பரவியது. அத்தொடர் 1975-இன் ஆணையில் இல்லை. ஆணை பேசுவது குறிப்பிட்ட பணிகளை, ஒரு நிலப்பரப்பை அன்று. பணிக்கான விலக்கு நகரத்துக்கான விலக்காகப் பேச்சில் மாறியதே என் பார்வையில் அந்த அக்டோபரின் மிகப் பெரிய நிகழ்வு. 'ஐதராபாத் எங்களுடையதல்ல என்கிறார்களா?' என்ற கேள்வி அந்த மாற்றத்திலிருந்தே பிறந்தது. அம்மாதமே சித்திப்பேட்டையில் அரசு ஊழியர்கள் பெருங்கூட்டம் நடத்தினர். நவம்பர் 29 அன்று சந்திரசேகர ராவின் உண்ணாநிலை. டிசம்பர் 9 அன்று சிதம்பரத்தின் அறிவிப்பு. தீர்ப்பு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. பல ஆண்டுக் கோரிக்கைக்கு ஒரு நேரடியான, வேலை தேடும் இளைஞனுக்குப் புரியும் வடிவத்தை அது தந்தது.

2010-இல் உதவி ஆய்வாளர் தேர்வு நெருங்கியபோது, உஸ்மானியா மாணவர்கள் அக்கூறு நீங்கும்வரை தேர்வே வேண்டாம் என்றனர். சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2011-இல் 14(எஃப்) நீக்கப்பட்டது. நடுவில், படித்துக் காத்திருந்தவர்கள் எந்த விதியின் கீழ் எங்கே அமர்த்தப்படுவோம் என்று அறியாமலே இருந்தனர்.

தனி மாநிலம் இதை முடித்து வைக்கவில்லை. 2018-இன் புதிய ஆணை தெலங்கானாவை ஏழு மண்டலங்களாக்கி, உள்ளூர் ஒதுக்கீட்டை 95 விழுக்காடாக உயர்த்தியது. அதைச் செயல்படுத்த 2021 டிசம்பரில் வந்த 317-ஆம் அரசாணை பணிமூப்பை அளவுகோலாகக் கொண்டது. விருப்பமான மாவட்டத்தின் இடங்கள் மூத்தவர்களால் நிரம்பின. அண்மையில் பணியில் சேர்ந்தவர்கள் பிறந்து படித்த மாவட்டத்தை விட்டு வேற்று மாவட்டங்களுக்குச் சென்றனர்.