மார்ச் 26: மூன்லைட் பங்களா

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊரில் காட்டை ஒட்டி நிற்கும் மூன்லைட் பங்களாவில், பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் வீடே கண்ணயர்ந்து கிடந்தது. வெளியே சரளைக் கற்களில் காலடிச் சத்தம். விருந்தாளி உலாவப் போகிறார் என்று உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

அந்த விருந்தாளியை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. சிகரெட்டும் லைட்டரும் மாத்திரைப் பெட்டியும் பங்களாவிலேயே இருந்தன.

அவர் ஜிம் தாம்சன். 1906 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து நாள் முன்புதான் 61 வயது நிறைந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறையில் பணியாற்றி, போர் ஓய்ந்ததும் பாங்காக்கிலேயே தங்கிவிட்டார். அழிந்துகொண்டிருந்த தாய்லாந்துக் கைத்தறிப் பட்டுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டவர் அவர்.

போலீஸ், ராணுவம், ஹெலிகாப்டர், காட்டுத் தடம் அறிந்த ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள், சுற்றுலா வந்தவர்கள் என நூற்றுக்கணக்கானோர் பல நாள் தேடினார்கள். குறிசொல்பவர்கள்கூட வந்தார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. அவர் பழைய உளவாளி, பக்கத்திலேயே வியட்நாம் போர்; கதைகள் பெருகக் கேட்க வேண்டுமா? கடத்தல் என்றார்கள், புலி என்றார்கள், லாரி மோதியது என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய சகோதரி அமெரிக்காவில் கொலையுண்டதும் சந்தேகம் இன்னும் கனத்தது. 1974இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

இவ்வளவு கதைகளுக்கும் முன்னால் அந்த மலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இங்கே மென்சரிவான ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். அது எங்கே என்பதை வரைபடத்தில் துல்லியமாகக் குறிக்கவில்லை. அவர் பெயரைத் தாங்கிய மலை, நாற்பது ஆண்டு காடாகவே இருந்தது. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் அமைக்கும் பேச்சு சூடுபிடித்தது. தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம். அந்தச் சமநிலத்தைச் சுற்றி எழும் காட்டில் நாலடி உள்ளே போனாலே வெளிச்சம் மங்கிவிடும். தாம்சன் வழி தவறி, அல்லது விழுந்து, அங்கேயே இறந்திருக்கலாம் என்பதே மனம் ஏற்கக்கூடிய விளக்கம்.

அந்தக் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களுக்கு இப்படியொரு தேதி வாய்க்கவில்லை. 1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இயந்திரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மனிதக் கைகளும் கோவேறு கழுதைகளும்தான் காட்டைத் திருத்தின. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் குடும்பங்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்து, விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, சரிவுகளில் கொழுந்து பறித்தன. 1938 ஜூனில் இந்திய அரசு தொழிலாளர்களைப் பயண உதவி தந்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்ய, கங்காணிகள் ஆள் கட்டி வருவதும் நின்றது. வந்தவர்கள் மலையிலேயே நிலைத்தார்கள்.

மூன்லைட் பங்களாவை இன்று ஜிம் தாம்சன் காட்டேஜ் என்றும் அழைக்கிறார்கள். ரசலின் பெயரைத் தேயிலை வரலாறு சொல்கிறது. பெரட்டில் நின்றவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தினமும் எழுதப்பட்டன, கூலி கணக்கிடுவதற்காக.