கறவை மாடுகளின் வளர்சிதைமாற்றக் கோளாறுகளுக்கான மூலிகை மருத்துவம்

கறவை மாடுகளின் வளர்சிதைமாற்றக் கோளாறுகளுக்கான மூலிகை மருத்துவம் என்பது, கன்று ஈனும் காலத்திலும் பால் மிகுந்து சுரக்கும் காலத்திலும் பசுக்களுக்குத் தோன்றும் சத்துச் சமநிலைக் குறைபாடுகளுக்கும் செரிமானக் கோளாறுகளுக்கும் மூலிகைகளையும் அஞ்சறைப்பெட்டிப் பொருட்களையும் பயன்படுத்தும் மரபு முறை ஆகும். இது தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கால்நடை வளர்ப்போரால் கைக்கொள்ளப்படுகிறது. இம்முறை சில கோளாறுகளில் முதலுதவியாக அமையும். சிலவற்றில் உயிர்காக்கும் ஊசி மருந்துக்கு மாற்றாகாது.

பின்னணி

காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிப்பாசன நெல் விளையும் பகுதி. எனவே வைக்கோலே மாடுகளின் முதன்மையான உலர்தீவனமாக உள்ளது. வைக்கோலில் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட்டு, சுண்ணாம்புச்சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. கலப்பினப் பசுக்கள் அதிகம் பால் கறப்பதால், அவற்றில் இக்குறை விரைவில் வெளிப்படும்.

பால் காய்ச்சல்

பால் காய்ச்சல் பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் தோன்றும். பெயரில் காய்ச்சல் இருப்பினும் உடல் வெப்பம் குறையும், காதுகள் சில்லிடும், பசு எழ இயலாமல் தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். 10 லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 23 கிராம் சுண்ணாம்புச்சத்து வெளியேறுகிறது. இது குருதி நீரில் ஒரு நேரத்தில் உள்ள அளவைப்போல் பல மடங்கு ஆகும். குருதியில் சுண்ணாம்புச்சத்து குறைவதே இதன் காரணம் என 1925 இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் விளக்கினர்.

பிரண்டை, முருங்கைக்கீரை, சுண்ணாம்புத் தெளிநீர் ஆகியன சுண்ணாம்புச்சத்துக்காக வழங்கப்படுகின்றன. இவை நாட்பட்ட பற்றாக்குறைக்குத் துணையுணவாகலாம். படுத்துவிட்ட பசுவுக்குக் கால்சியம் போரோகுளுக்கோனேட்டு கரைசலைக் கால்நடை மருத்துவர் நரம்பில் மெதுவாக ஏற்றுவதே சிகிச்சை. அந்நிலையில் பசுவின் விழுங்கும் திறன் குன்றியிருக்கும். மூங்கில் குழாயால் கசாயம் புகட்டினால் புரையேறி நுரையீரல் அழற்சி ஏற்பட்டு இறக்க நேரிடலாம்.

ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் சுண்ணாம்புச்சத்தை மிகுதியாகக் கொடுப்பதும் பயன் தராது. எலும்பிலிருந்து அச்சத்தை எடுக்கும் உடலின் இயல்பு இதனால் மந்தமாகி, நோய்க்கு வழிவகுக்கும்.

கீட்டோசிஸ்

ஈன்ற முதல் சில வாரங்களில், தீவனத்தின் ஆற்றல் பாலுற்பத்திக்குப் போதாதபோது உடற்கொழுப்பு கரைந்து கீட்டோன் பொருட்கள் பெருகுகின்றன. பசு அடர்தீவனத்தை வெறுக்கும், பால் குறையும், மூச்சில் இனிய வாடை வீசும். இதற்கு வெல்லம் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் முதல் இரைப்பையின் நுண்ணுயிரிகள் வெல்லத்தை நொதிக்கச் செய்துவிடுவதால் குருதிச் சர்க்கரை போதிய அளவு உயராது. நரம்பில் செலுத்தும் குளுக்கோசும், வாய்வழி புரொப்பிலீன் கிளைக்காலும் பலனளிப்பவை.

அமில நோயும் வயிறு உப்பசமும்

சோறு, பொங்கல், கஞ்சி போன்றவற்றை மாடு மிகுதியாக உண்டால் முதல் இரைப்பையில் லாக்டிக் அமிலம் பெருகும். மாட்டுப் பொங்கலின்போதும், கோயில் ஊர்களில் விருந்துச் சோறு கொட்டப்படும்போதும் இவ்வாபத்து மிகும். லேசான நிலையில் சமையல் சோடா கரைசல் அமிலத்தைத் தணிக்கும்; மாடு சோர்ந்து படுத்துவிட்டால் தாமதமின்றி மருத்துவ உதவி தேவை.

உப்பசத்திற்கும் செரியாமைக்கும் பின்வருவன அரைத்து வழங்கப்படுகின்றன:

* சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி
* மிளகு, சீரகம், மஞ்சள், காய்ந்த மிளகாய்
* வெற்றிலை, வெல்லம்

இவ்விழுது சிறு உருண்டைகளாக்கப்பட்டு, உப்பில் தோய்த்து நாக்கில் தடவப்படுகிறது. குழாயால் புகட்டுவதைவிட இது பாதுகாப்பானது. நுரை உப்பசத்தில் தாவர எண்ணெய் நுரையை உடைக்க உதவும். இடது விலா பெரிதும் புடைத்து மூச்சுத் திணறினால் காலதாமதம் கூடாது.

நிறுவனப் பணிகள்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் (தொடக்கம்: 1989) தஞ்சாவூரில் மரபுசார் மூலிகை மருத்துவ ஆய்வும் பயிற்சியும் மேற்கொண்டது. இதில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் பங்கு குறிப்பிடத்தக்கது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இம்மருந்து முறைகளைப் பிற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது. இப்பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அமைந்துள்ள காட்டுப்பாக்கம், முன்னர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

* பிரண்டை
* சித்த மருத்துவம்
* மாட்டுப் பொங்கல்