வறட்சியைத் தாங்கும் பாதுகாப்புப் புரதங்கள்: விதைநெல்லைக் கடினப்படுத்துவது ஏன், எப்படி?

ராமநாதபுரம், சிவகங்கை போன்ற மானாவாரிப் பகுதிகளில் புழுதியில் நெல் விதைக்கிறீர்களா? முளைத்த பிறகு மழை இடைவெளி விட்டால் நாற்று கருகி, விதைச் செலவு வீணாகிவிடும். இந்தத் தொடக்கக்கால வறட்சியைத் தாங்க விதையை முன்பே தயார்படுத்தலாம்.

பாதுகாப்புப் புரதங்களின் பணி

நெல்மணி முற்றிக் காயும்போது அதன் கருவில் 'எல்இஏ' எனப்படும் புரதங்கள் சேர்கின்றன. ஈரம் வற்றும்போது செல் சவ்வும் மற்ற புரதங்களும் சிதையாமல் இவை காக்கின்றன. காய்ந்த விதை மாதக்கணக்கில் உயிரோடிருக்க இவையும் ஒரு முக்கியக் காரணம். இவற்றில் ஒரு வகையான டீஹைட்ரின்கள், வறட்சி, உப்பு, குளிர் தாக்கும்போது இலையிலும் வேரிலும்கூட உருவாகும்.

விதை முளைக்கும்போது இந்தப் புரதங்கள் குறைந்துவிடும். அதனால்தான் முளை வெளிவந்த விதையைக் காயவைத்தால் பிழைப்பதில்லை.

செய்முறை

* விதையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
* ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்தால் 1 சதக் கரைசல் கிடைக்கும்.
* ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல் வீதம் 16 மணி நேரம் ஊறவையுங்கள்.
* முளை எட்டிப்பார்க்கும் முன் எடுத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

இது மழைக்கு மாற்று அல்ல. இளம்பயிர் அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த செலவில் கிடைக்கும் உதவி.