பொழுதுபோக்குச் சித்திரமும் நம்மவர் சரித்திரமும்

நம்மவர் வீடுகளில் ஒரு பிள்ளை தன் நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஆசிரியரின் மீசையையோ, கிராணியாரின் தொந்தியையோ கிறுக்கி வைத்துவிட்டால், அதனைக் கெட்ட பழக்கம் என்று கண்டிப்பவரே பெரும்பாலோர். “இதனால் சோறு கிடைக்குமா?” என்பது அவர்கள் கேட்கும் முதற் கேள்வி; அதுவே கடைசிக் கேள்வியும் ஆகிவிடுகிறது. வீணையும் மிருதங்கமும் பயிலும் பிள்ளையைப் பெருமையோடு சபையில் ஏற்றும் நாம், கேலிச் சித்திரம் எழுதும் பிள்ளையைக் குறும்பன் என்று ஒதுக்குகிறோம். இவ்வேற்றுமை நியாயமானதுதானா? பொழுதுபோக்காகப் படம் எழுதிய கைகள் உலகிலும் நம் நாட்டிலும் செய்த வேலை என்ன என்பதைச் சரித்திர முகமாக ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

‘கார்ட்டூன்’ என்ற சொல் முதலில் நகைப்பைக் குறித்ததன்று. சுவரில் பெரிய ஓவியம் தீட்டுமுன், அதன் மாதிரியைத் தடித்த தாளில் எழுதிப் பார்ப்பது இத்தாலிய ஓவியர் வழக்கம். அத்தாளின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது. 1841-இல் இலண்டனில் தோன்றிய ‘பஞ்ச்’ என்னும் விகடப் பத்திரிகை, 1843-இல் பாராளுமன்றச் சுவர்களுக்கென எழுதப்பட்ட அத்தகைய மாதிரிகளைப் பரிகசித்து ஒரு படம் வெளியிட்டது. ஏழைகள் பசித்திருக்க அரசாங்கம் ஓவியக் காட்சி நடத்துகிறதே என்பது அப்படத்தின் உட்பொருள். அன்றுமுதல் அச்சொல் கேலிச் சித்திரத்திற்கே உரியதாயிற்று. ஆகவே இக்கலை தன் பெயரைப் பெற்ற நாளிலேயே ஏழையின் பக்கம் நின்றது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் தாமஸ் நாஸ்ட் என்பவர் 1871-இல் நியூயார்க் நகரத்துப் பணத்தைச் சூறையாடிய ட்வீட் என்னும் அரசியல் தலைவனைப் படம் படமாக எழுதித் தாக்கினார். பத்திரிகைக் கட்டுரைகளுக்கு அஞ்சாத ட்வீட், அப்படங்களுக்கு அஞ்சினான். தன்னை ஆதரிப்போருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் படத்தைப் பார்க்கக் கண் இருக்கிறதே என்று அவன் வருந்தியதாகச் சொல்வதுண்டு. எழுதப் படிக்க அறியாத மக்கள் நிறைந்திருந்த எந்த நாட்டுக்கும், எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும் உண்மை இது.

தமிழுலகில் இக்கலைக்கு வழி திறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் அவர் அரசியல் கருத்துப் படங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகைக்கு அது புதுமை. 1908-இல் அடக்குமுறை மிகுந்தபோது பத்திரிகை புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. அங்கும் படங்கள் தொடர்ந்து வந்தன. பின்னர் 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில் ‘ஆனந்த விகட’னில் மாலி என்ற மகாலிங்கம், சங்கீத வித்துவான்களையும் அரசியல் தலைவர்களையும் சில கோடுகளிலேயே உயிரோடு நிறுத்திக் காட்டினார். பத்திரிகைகளுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. புகைப்படத்தை அச்சிடப் புள்ளிப் பிளாக்கு வேண்டும். அதற்குச் செலவு மிகுதி. கோட்டுச் சித்திரத்திற்குச் சாதாரணத் துத்தநாகப் பிளாக்கே போதும். ஆகவே செலவு குறைந்த இக்கலை, ஏழைப் பத்திரிகைகளுக்கு உற்ற துணையாயிற்று.

மலாயாவிலும் சீர்திருத்தக்காரர் இதனைக் கைக்கொண்டனர். 1939-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘உத்துசான் ஸமான்’ வாரப் பதிப்பில் ‘வாக் கெத்தோக்’ என்னும் கற்பனைப் பாத்திரம் தோன்றியது. ஆசிரியர் அப்துல் ரஹீம் காஜாய் கருத்தளிக்க, அலி சானாட் அதனைப் படமாக எழுதினார். மலாய்க்காரரின் சோம்பலையும் வீண் ஆடம்பரத்தையும் மலாய்க்காரரே பார்த்து நகைக்கும்படி அப்பாத்திரம் செய்தது. தன் இனத்தைத் திருத்த எண்ணுபவன் முதலில் தன் இனத்தைப் பார்த்தே சிரிக்க வேண்டும் என்ற பாடம் அதில் அடங்கியிருந்தது.

நிற்க. இக்காலத்தில் நம் தோட்டத்துப் பிள்ளையின் நிலை என்ன? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி என்ற பெயருக்கு ஒரு கொட்டகை. பிள்ளைகள் கையில் சிலேட்டு. சிலேட்டில் எழுதிய சித்திரத்தின் ஆயுள், எச்சில் தொட்டு அழிக்கும் வரையில்தான். பல பிள்ளைகள் அதையும் வைத்துவிட்டுத் தாய் தந்தையரோடு பால்மரக் காட்டுக்கு நடந்தார்கள். வரையும் ஆற்றல் இல்லாமற் போகவில்லை. வரைந்ததைத் தாங்கும் தாள்தான் கிட்டவில்லை.

அதனால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஒரு சான்று காட்டுவோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவிலிருந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

சைக்கிளிலிருந்து இறங்கிக் கைகட்டி நிற்கும் மனிதன், அவனைத் திரும்பியும் பாராமல் செல்லும் மோட்டார்! கேலிச் சித்திரக்காரனுக்கு இதனினும் பொருத்தமான பொருள் கிடைக்குமா? பக்கம் பக்கமாக எழுதும் கட்டுரை சொல்வதை அந்த ஒரு படம் நொடியில் சொல்லியிருக்கும். இன்று அப்போராட்டத்தைப் பற்றி நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை அதிகாரிகளின் குறிப்புகளும் முதலாளிகளின் கடிதங்களுமே. அதாவது, சைக்கிளிலிருந்து இறங்காதவர்கள் எழுதியவை.

இதனினும் பெரிய துயரம் யுத்த காலத்தில் நேர்ந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதினாயிரம் பேருக்கு மேல் அதில் உழைத்தனர். அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரோ அவர்களைப் போல் பன்மடங்கினர். அவர்களில் மாண்டவர் தொகையை 90,000 வரை மதிப்பிடுகின்றனர்.

அக்கைதிகளுள் ரொனால்ட் ஸேர்ல் என்னும் இளைஞர் ஒருவர் இருந்தார். சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட அவர், கிடைத்த துண்டுத் தாள்களிலெல்லாம் தாம் கண்டதை வரைந்தார். பிடிபட்டால் உயிர் போகும். ஆகவே வாந்திபேதி நோயாளிகளின் படுக்கைக்கடியில் அவற்றை ஒளித்தார். காவலர் அங்கே நெருங்க அஞ்சினர். அவ்வாறு தப்பிய ஏறத்தாழ 300 படங்கள் பின்னர் இலண்டன் யுத்தப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்தன. யுத்தத்துக்குப் பின் அவரே உலகம் போற்றும் விகடச் சித்திரக்காரரானார். மலாயாவிலேயே, ஜப்பானிய ஆட்சிக் கொடுமைகளைச் சீன ஓவியர் லியூ காங் வரைந்து, 1946-இல் ‘சாப் சூயி’ என்ற தொகுதியாக வெளியிட்டார்.

வெள்ளைக்காரக் கைதியின் விலா எலும்பை உலகம் இன்று எண்ணிப் பார்க்க முடிகிறது. சீனர் பட்டதும் கண்முன் நிற்கிறது. அவர்களோடு அதே சேற்றில் நின்ற நம் தமிழ்த் தொழிலாளி, பிறர் எழுதிய படங்களின் ஓரத்தில் பெயரற்ற உருவமாகவே நிற்கிறான். அவனுடைய கையால் எழுதப்பட்ட அத்தகைய தொகுதி நமக்கு வாய்க்கவில்லை. வரைபவன் இல்லாத சமூகத்திற்கு நேர்வது இதுதான். அதன் துன்பமும் அடுத்தவன் கண்ணில் பட்ட அளவே பதிவாகிறது.

சுதந்திரத்திற்குப் பின் இந்நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். பேராக் மாநிலத்துக் கோப்பெங் அருகே ஒரு கிராமத்தில் 1951-இல் பிறந்தவர் முகம்மது நோர் காலிட். ‘லாட்’ என்றால் இந்நாட்டில் அறியாதவர் இல்லை. இராணுவ எழுத்தர் ஒருவரின் மகனான அவர், பொழுதுபோக்காகவே படம் எழுதத் தொடங்கினார். 1964-இல், 13-ஆம் வயதில், அவர் எழுதிய சித்திரக் கதை புத்தகமாக வெளிவந்தது. கிடைத்த சன்மானம் 25 வெள்ளி. பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு 1970-இல் கோலாலம்பூருக்கு வந்து, பத்திரிகையில் சித்திரக்காரர் வேலை கேட்டார். அவ்வேலை காலியில்லை, குற்றச் செய்தி நிருபர் வேலைதான் கிடைத்தது. நிருபராக இருந்தே படமும் எழுதினார். 1974-இல் மலாய்க்காரரின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் எழுதிய படங்கள் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளியாகிப் புகழ் பெற்ற பிறகே, ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அவரைச் சித்திரக்காரராக ஏற்றது. 1979-இல் அவர் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஈயச் சுரங்கம் விழுங்க வந்த ஒரு கிராமத்தில் கழிந்த சிறுவனின் வாழ்வே அதன் பொருள். அக்கிராம வாழ்க்கை மறைந்தாலும் அப்புத்தகம் மறையவில்லை. தம் இனத்தை மட்டுமன்றிச் சீனர், தமிழர், சீக்கியர் ஆகியோரின் கல்யாணத்தையும் பண்டிகையையும் அன்போடு நகையாடியவர் அவர்.

1978-இல் கோலாலம்பூரில் ஜாஃபார் தாயிப் முதலிய சித்திரக்காரர்கள் சிலர் கூடி ‘கிலா-கிலா’ என்னும் விகடப் பத்திரிகையைத் தொடங்கினர். நாடெங்கும் மூலையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடமாயிற்று. அதில் எழுதியவருள் ஒருவர், கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த சூனார். பின்னாளில் அவர் அரசியல் ஊழலைத் தாக்கி எழுதினார். 2010-இல் அவருடைய புத்தகங்கள் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டே அவர் இராஜநிந்தனைச் சட்டத்தின்கீழ்க் கைதும் செய்யப்பட்டார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2015-இல் அவர்மீது சுமத்தப்பட்ட ஒன்பது குற்றச்சாட்டுகளும் 2018-இல் கைவிடப்பட்டன. ஒரு பென்சிலுக்கு அரசாங்கம் இவ்வளவு அஞ்சியதென்றால், அதனைப் பயனற்ற விளையாட்டு என்று தந்தையர் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

இனி நம் காரியத்துக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் வாழ்ந்த இடங்கள் பல இன்று இல்லை. ஷா ஆலம் நகரம் நிற்கும் நிலம் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது. 1995-இல் தொடங்கிப் புத்ராஜெயா எழுப்பப்பட்டபோது, பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்கள் மறைந்தன. அங்கிருந்த நம் மக்கள் டெங்கில் அடுக்கு வீடுகளில் குடியேற்றப்பட்டனர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே நிலம் இருந்த இடத்தில் 2001 முதல் சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்க ஊழியருக்கெனக் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகளும் இடிக்கப்பட்டன.

துரை பங்களாவுக்கும் ரப்பர்த் தொழிற்சாலைக்கும் புகைப்படங்கள் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும் தோரணை, மங்கில் பால் ஏந்தும் தாயின் முதுகில் தொங்கும் பிள்ளை, சம்பள நாளில் லயத்து வாசலில் காத்திருக்கும் கடன்காரன், கள்ளுக்கடைக்குப் போகும் வழியில் மனைவியைக் கண்டு மரத்தின் பின் ஒளியும் கணவன், இவற்றை எல்லாம் அங்கே வாழ்ந்தவனே அறிவான். அவனே எழுதத் தக்கவன். அவற்றைக் கண்ணால் கண்ட முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லப் பேரப்பிள்ளைகள் வரையலாம். இப்பணியை ஒத்திப்போட முடியாது. முதியோர் ஆயுள் நமக்காகக் காத்திராது.

இதற்கு வேண்டியது மிகச் சிறிது. ஒரு பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம். முன்போல் பிளாக்கு வெட்ட வேண்டியதில்லை. கைத்தொலைபேசியால் எடுத்தனுப்பினால் படம் பத்திரிகையை அடைந்துவிடும். கலையின் மர்மமும் பெரிதன்று. பார்த்ததையெல்லாம் எழுதாமல், ஆளை அடையாளம் காட்டும் ஒன்றிரண்டு அம்சங்களை மட்டும் தேர்ந்து மிகைப்படுத்த வேண்டும். அதற்குக் கூரிய பார்வை வேண்டும். அது பழக்கத்தால் வரும்.

ஒன்றை மாத்திரம் எச்சரிக்கிறோம். கேலி கீழ்நோக்கிப் பாயலாகாது. கறுப்பு நிறத்தையும், ஊனத்தையும், வறுமையையும், சாதியையும் காட்டிச் சிரிக்க வைப்பது கலையன்று. அது பழைய கொடுமைக்குப் புதுச் சாயம் பூசுவது. தலைவர்களின் மாலை ஆசையை எழுதுங்கள். கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரக் கல்யாணத்தை எழுதுங்கள். சாமியாடிப் பணம் பறிப்பவனை எழுதுங்கள். தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாங்காதவனையும் எழுதுங்கள். ‘வாக் கெத்தோக்’ தன் இனத்துக்குச் செய்ததை நம் இனத்துக்குச் செய்ய நம்மவரில் பலர் வரவேண்டும்.

இந்நாட்டில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு பள்ளியும், ஒவ்வோர் இளைஞர் சங்கமும், தங்கள் ஊரைப் பற்றிப் பிள்ளைகள் வரைந்த படங்களைக் காட்சிக்கு வைக்கட்டும். சிறந்தவற்றைத் தொகுத்துப் பாதுகாக்கட்டும். இதனால் சோறு கிடைக்குமா என்று கேட்பவருக்கு நமது விடை இது: எல்லோருக்கும் கிடைக்காது, வேண்டியதும் இல்லை. பகலில் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து இரவில் படம் எழுதுபவன், தன் சமூகத்தின் முகத்தை அடுத்த தலைமுறைக்குக் காத்துக் கொடுக்கிறான். ஆகவே, பெற்றோரே, நோட்டின் கடைசித் தாளைக் கிழித்தெறியாதீர்கள். பிள்ளைக்கு இன்னொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.