மல்லிகைப் பாட்டும் லத்தாவும்

மூன்று சீன ரெனர்கள், அதாவது உச்சக்குரலில் பாடும் ஆண் பாடகர்கள், ஒரே மேடையில் நின்று இத்தாலிய ஒப்பெராப் பாடல்களையும் சீனப் பாடல்களையும் மாறிமாறிப் பாடுகிறார்கள். தாய் யூசியாங், வெய் சோங், வாரன் மொக் என்பன அவர்களது பெயர்கள். 1990 இல் ரோமாபுரியில் பவறொட்டி, டொமிங்கோ, கரேராஸ் ஆகியோர் தொடக்கிவைத்த வடிவம் இது. இவ்வாறான கலப்பை எமது பிள்ளைகளும் செய்யவேண்டும் என்று நம்மவர் சிலர் கூறுகின்றனர். செய்யட்டும். ஆனால் யார், எதை, எதனோடு கலக்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கலப்பின் வரலாறு பழையது. சீனத்து மல்லிகைப் பாட்டு 1804 இலேயே ஜோன் பரோவின் பயணநூல் வழியாக ஐரோப்பாவில் அச்சேறிவிட்டது. பின்னர் புச்சினி தமது 'ரூரண்டோ' ஒப்பெராவில் அதே மெட்டைச் சிறுவர் குழுவின் வாயில் வைத்தார். அவர் சீனாவுக்குப் போனவரல்லர். 1924 இல் இறந்தும் போனார்; ஒப்பெரா 1926 இல் மிலானில் அரங்கேறியது. கொடிய இளவரசியும் வெட்டப்படும் தலைகளுமாக அவர் கற்பனை செய்த அந்தப் பீஜிங்கை, 1998 இல் பீஜிங்கிலேயே சாங் யிமோ நெறிப்படுத்தினார். இசை நடத்தியவர் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா. களவாடப்பட்டதாகச் சிலர் சொன்ன மெட்டு, பெருஞ்செலவில், தலைநிமிர்ந்து வீடு திரும்பியது. ஒரு பலமான அரசு பின்னால் இருந்தால் இது முடியும்.

அரசு பின்னால் இல்லாத சீனரும் உள்ளனர். என்னோடு பொதிகட்டும் பிரிவில் வேலைசெய்பவர் யாங்கோன் நகரின் லத்தாவில் பிறந்தவர். நகரின் சீனர் பகுதி அது. கடற்கரை வீதியில் ஹொக்கியன் மக்களின் கோயில். மகாபந்தூலா வீதியில் கன்ரன் மக்களின் குவான்யின் கோயில். பர்மியர் இவ்விரு பிரிவினரையும் சட்டைக் கையை வைத்தே பிரித்தனர்: வணிகரான ஹொக்கியன் 'நீளக்கை', தச்சரும் கைவினைஞருமான கன்ரன் 'குட்டைக்கை'. வீட்டில் இரண்டு மொழிகள். பள்ளியில் மூன்றாவதாக மண்டரின். மேடையில் 'சீனப் பாடல்' என்று கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதே.

1964 இல் பர்மிய இராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியபோது தமிழர் கப்பலேறிச் சென்னை வந்தனர். சென்னையின் பர்மா பஜார் அவர்களது எச்சம். 1965 இல் தனியார் பள்ளிகள் பறிக்கப்பட்டன. சீனப் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். 1967 யூனில், மாணவர்கள் மாவோ சின்னம் அணிந்ததை ஒட்டி வெடித்த கலவரத்தில் சீனர் கொல்லப்பட்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. பீஜிங் உரத்துக் கண்டித்தது. லத்தாவில் இருந்தவர்களோ கடைப் பலகையை மூடிக்கொண்டு தாழ்குரலில் பேசப் பழகினர்.

என் தோழரின் அக்காள் சீனப் பள்ளியில் கூட்டாகப் பாடியவர். பள்ளி போனதும் அந்தப் பாட்டுகள் அவருக்கு மறந்துவிட்டனவாம். பாட்டி ஹொக்கியனில் பாடிய தாலாட்டு மட்டும் இன்றும் முழுதாக நினைவிலுண்டாம். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பள்ளியையும் மேடையையும் அரசு பறிக்கலாம். அடுப்படியில் பாடியதை அது கணக்கெடுக்கவே இல்லை. ரெனர்களின் நிகழ்ச்சியிலும் அந்தத் தாலாட்டுக்கு இடமில்லை என்பது வேறு விடயம்.

இனி எமது மேடை. இங்கு கலைவிழா என்றால் கர்நாடக இசை, பரதம், சினிமாப் பாட்டு. தென்மோடிக் கூத்துக்கு ஐந்து நிமிடம், அதுவும் நேரமிருந்தால். மலையகத்துத் தேயிலைக் கொழுந்து பறிப்போரின் பாட்டை இந்த ஊரில் நான் ஒருமுறைகூட மேடையில் கேட்டதில்லை. பறையோ வாசலில் வரவேற்போடு நின்றுவிடுகிறது. மேற்கத்தியக் குரற்பயிற்சி பெறும் எமது இளையவர்கள் இரண்டொருவர் உள்ளனர். அவர்கள் புச்சினியைப் பாடட்டும், நன்றாகவே பாடுகிறார்கள். அதே குரலில், அதே மேடையில், ஒரு மலையகத் தாலாட்டையும் பாடவேண்டும் என்று விழாக்குழுவிடம் கேட்டிருக்கிறேன். 'அது சபைக்கு ஒத்துவராது' என்று ஒருவர் சொன்னார். ஏன் ஒத்துவராது என்பதை அவர் இதே பக்கங்களில் எழுதட்டும்.