திருச்சி விழுங்கிய பள்ளி

மதுரையிலோ தஞ்சாவூரிலோ பேருந்து நிலையத்தில் நின்றால் காதைக் கிழிக்கும் குரல் ஒன்று கேட்கும்: "திருச்சி, திருச்சி, திருச்சி!" திருச்சிராப்பள்ளி என்று முழுப்பெயர் சொல்லிக் கூவிய நடத்துநரை நான் இதுவரை கண்டதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி கிளம்ப வேண்டும். ஆனாலும் அந்தக் கூப்பாட்டில் எது தங்கியது, எது உதிர்ந்தது என்று பாருங்கள். "திரு" என்ற மரியாதை முழுசாக இருக்கிறது. "சிரா" என்ற பெயரில் ஒரே ஓர் எழுத்து, அதுவும் ஒற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பள்ளி" அடியோடு போய்விட்டது. ஊர் என்ன இடம் என்று சொன்ன சொல் அது ஒன்றுதான்.

சிரா யார் என்பதற்குக் கதைகள் உண்டு. மூன்று தலை கொண்ட திரிசிரன் என்ற அரக்கன் பூசித்த இடம் என்பது தலபுராணத்தின் விடை. சிலை, அதாவது கல், அதனால் "திருச்சிலாப்பள்ளி" என்பாரும் உண்டு. ஊர் நடுவே நிற்கும் மலையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்கள் கவனிக்காமல் போகும் பக்கம் ஒன்று அந்தப் பாறைக்கு இருக்கிறது. அங்கே இயற்கைக் குகை ஒன்றில் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றோடு சேர்ந்த பழைய எழுத்துகளில் ஒன்றைக் கல்வெட்டறிஞர்கள் "சிரா" என்று படித்தார்கள். அது அங்கே தங்கிய சமண முனிவர் ஒருவரின் பெயர் என்பது அவர்கள் முடிவு. சிரா தங்கிய பள்ளி சிராப்பள்ளி. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. அரக்கனுக்கு மூன்று தலை இருந்தாலும் படுக்க ஒரு கல்லைக்கூட அவன் விட்டுவிட்டுப் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சமணரோடு வாதம் செய்தவர் என்று பேர்பெற்ற ஞானசம்பந்தர் இந்த மலைக்கு வந்து பதிகம் பாடும்போது ஊரைச் சிராப்பள்ளி என்றே பாடுகிறார். வாதத்தில் வென்றவர்களும் பெயரை மாற்ற மெனக்கெடவில்லை. அதற்கும் வெகுகாலம் கழித்து வந்த வெள்ளைக்காரர்கள் "டிரிச்சினாபொலி" என்று எழுதினார்கள். அவர்கள் காதில் நம் பள்ளி, நகரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய "பொலிஸ்" போல விழுந்திருக்கும் போலும். அந்தப் பெயரில் சுருட்டுகூட உலகம் சுற்றி வந்தது.

பள்ளி என்றால் முதலில் படுக்கும் இடம். பள்ளத்தையும் பள்ளியையும் ஒரே அடியிலிருந்து வந்த உடன்பிறப்புகளாகப் பார்ப்பவர்கள் உண்டு: தாழ்ந்தது, கிடப்பது. மதுரை அருகே மாங்குளத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கணிக்கப்படும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில், மலைக்குகையில் முனிவருக்கு வெட்டிக் கொடுத்த இருப்பிடத்தைப் "பளி" என்றே பொறித்திருக்கிறார்கள். ஒற்றெழுத்தை இரட்டித்து எழுதும் வழக்கம் அங்கே நிலைபெறாததால் அது பள்ளிதான். கல்லில் ஒரு படுக்கை, தலைப்பக்கம் கொஞ்சம் மேடு, மேலே மழைநீர் உள்ளே ஒழுகாமல் வெட்டிய விளிம்பு. நம் நாட்டின் மிகப் பழைய பள்ளி இவ்வளவுதான்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். அவரை எழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வார் அந்த ஊரிலேயே இருந்து பாடியது திருப்பள்ளியெழுச்சி. துயிலும் அறை பள்ளியறை. சமையல் நடக்கும் இடமோ மடைப்பள்ளி. அங்கே யாரும் படுப்பதில்லை, அடுப்புதான் எரிகிறது. ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய இடம் எதுவும் பள்ளி ஆகலாம் என்ற அளவுக்குச் சொல் அதற்குள் நெகிழ்ந்துவிட்டது.

துறவி படுத்த இடத்தில் மாணவனும் வந்து உட்கார்ந்தான். அதனால் பள்ளி கல்விக்கூடம் ஆயிற்று என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். சரியானதும்கூட. நம்மவர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தின் ஸ்கூல், லத்தீனின் ஸ்கோலா வழியாக, கிரேக்கத்தின் "ஸ்கோலே"யிலிருந்து வந்தது. ஸ்கோலே என்றால் ஓய்வு. வேலை இல்லாத பொழுதில்தான் ஒருவன் யோசிக்கிறான், கேட்கிறான், கற்கிறான் என்று கிரேக்கன் நினைத்தான். அங்கே ஓய்வு பள்ளியாயிற்று. இங்கே படுக்கை பள்ளியாயிற்று. இதில் இரண்டு மொழிக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. வகுப்பில் தூங்கும் பையனை எந்த வாத்தியாரும் இந்தச் சொற்பிறப்பைக் காட்டி மன்னித்ததாகவும் தெரியவில்லை.

இனி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியாக வேண்டும், ஏனென்றால் பள்ளி தாண்டியது. கேரளத்தில் கிறிஸ்தவர் தேவாலயம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளி. நாம் கூட ஒரு வாசலைச் சேர்த்துப் பள்ளிவாசல் என்கிறோம். கொச்சியில் யூதர்கள் கூடும் இடம் ஜூதப்பள்ளி. சமணம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம் என்று ஐந்து சமயங்களுக்கு ஒரு சொல் சளைக்காமல் உழைத்திருக்கிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த சோழர் செப்பேடும் அந்தப் பௌத்த விகாரத்தைப் பள்ளி என்றே சொல்கிறது. அத்தகைய நிலக்கொடைக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர்.

கி.பி. 849 என்று கணிக்கப்படும் கொல்லத்துச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். சேர மன்னன் தாணு ரவியின் 5ஆம் ஆட்சியாண்டில் வேணாட்டு அய்யனடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைகள் அதில் உள்ளன. வட்டெழுத்தில், அன்றைய தமிழோடு ஒட்டிய மொழியில் எழுதப்பட்டது. கடைசி ஏட்டில் சாட்சிக் கையெழுத்துகள்: சிலர் அரபியில், சிலர் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்தில், நால்வர் எபிரேய எழுத்தில். அந்த நால்வரும் யூத வணிகர்கள். பேசிய பாரசீகத்தைத் தம் வேதத்தின் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு யூதர் சாட்சி. "பள்ளி" என்று தாங்கள் சாட்சி போட்ட சொல்லைப் பின்னாளில் தங்கள் கூடத்துக்கே எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணியிருக்கவா போகிறார்கள்!

அதே செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்றொரு வணிகக் குழு வருகிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேரன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணப் பேறும் கொடுத்த செப்பேடு கொச்சி மட்டாஞ்சேரி யூதர்கள் பொன்னைப்போல் காத்து வந்தது. நம்மவர்கள் கேட்டவுடன் பிரித்தார்கள்: அஞ்சு, வண்ணம், ஐந்து நிறம், அல்லது ஐந்து சாதி, அல்லது ஐந்து தொழில். எண்ணிக்கை கிடைத்துவிட்டால் தமிழனுக்கு நிம்மதி. ஆனால் இன்று பெரும்பாலான அறிஞர் ஏற்பது வேறு. பாரசீகத்தில் "அஞ்சுமன்" என்றால் கூட்டம், சபை. மேற்கே இருந்து கடல்வழி வந்த வணிகர்கள் தம் சபையை அப்படி அழைத்தார்கள். கரையில் நின்ற நம்மவர் காதில் அது அஞ்சுவண்ணமாக விழுந்தது. இன்றும் ஊர் ஊராக இருக்கும் இஸ்லாமிய அஞ்சுமன் சங்கங்களின் பெயர்ப்பலகையில் இருப்பது அதே சொல்தான்.

கூட்டம் என்ற அந்தப் பொருளை விட்டுவிடாதீர்கள், யூதரின் சொல்லுக்கும் அதுவே வேர். சினகாக் என்ற பெயர் எபிரேயம் அல்ல, கிரேக்கம்: ஒன்றுசேர்த்தல். எபிரேயத்தில் "பேத் கினேஸெத்", கூடும் வீடு. இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் பெயர் கினேஸெத் என்பதும் அதனால்தான். அந்த வீட்டுக்கு வேறு இரண்டு பெயர்களும் வழங்கும்: படிக்கும்போது "பேத் மித்ராஷ்", பாடவீடு; தொழும்போது "பேத் தெபில்லா", தொழும் வீடு. ஐரோப்பாவில் இத்திஷ் பேசிய யூதர்கள் இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு "ஷூல்" என்றார்கள். ஜெர்மானியத்தின் பள்ளிக்கூடம் அது. மேலே சொன்ன கிரேக்க ஓய்வின் பேரப்பிள்ளை. ஆக, "பள்ளிக்குப் போகிறேன்" என்று போலந்து யூதர் ஒருவரும் கொச்சி யூதர் ஒருவரும் தத்தம் மொழியில் சொன்னால் இருவரும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால் பெயர்கள் பொருந்துவது தெரியும். வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்ததும் சப்பாத் தொடங்குகிறது. சப்பாத்தின் பொருளும் ஓய்தல், நிறுத்துதல். சனிக்கிழமை காலையில் பேழையிலிருந்து தோராச் சுருளை எடுத்து அந்த வாரத்துப் பகுதியை வாசிப்பார்கள். வாரம் ஒரு பகுதியாக ஓர் ஆண்டில் ஐந்து ஆகமங்களும் முடியும். முடிகிற நாள் சிம்ஹாத் தோரா. கடைசி வரியை வாசித்த கையோடு முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள், பாடம் நின்றதாக ஆகிவிடக் கூடாது. ஷாவுவோத் திருநாள் இரவில் விடிய விடிய உட்கார்ந்து படிக்கும் வழக்கமும் உண்டு. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை நடுவில் வைத்துப் பகல்பத்து, இராப்பத்து என்று ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் ஓதி முடிக்கும் விழாவுக்கு அவர்கள் வைத்த பெயர் அத்யயன உற்சவம். அத்யயனம் என்றால் பாடம் ஓதுதல். பாடத்தையே திருவிழா ஆக்கியவர்கள் இவர்களும்தான்.

தமிழ் பைபிள் சினகாக்குக்கு "ஜெபஆலயம்" என்றது. பின்னால் வந்த மொழிபெயர்ப்பு "தொழுகைக்கூடம்" என்றது. இரண்டாவது கொஞ்சம் தேவலை, கூடம் வந்துவிட்டது. முதலாவதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். எருசலேமில் இருந்த பேராலயம்தான் யூதருக்கு இறைவன் வீடு. கி.பி. 70இல் ரோமர் அதை இடித்தார்கள். அதன்பின் உலகெங்கும் அவர்கள் கட்டியவை எதுவும் அதற்கு ஈடான ஆலயம் அல்ல. மனிதர்கள் கூடிப் படித்துத் தொழும் கூடங்கள். பலி இல்லை, பலிபீடம் இல்லை. இடிந்ததைத் தேவாலயம் என்றும் இதை ஜெபஆலயம் என்றும் சொல்லும்போது அந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. பள்ளி என்றிருந்தால் கரைந்திருக்காது. கோயில் கோவின் இல்லம். உள்ளே இருப்பவர் யார் என்று அந்தச் சொல் சொல்கிறது. பள்ளியோ உள்ளே வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறது. அதனால்தான் எந்தச் சமயத்தவர் வந்தாலும் அவர்களுக்கு அது அளவாகப் பொருந்தியது என்று நினைக்கிறேன்.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் மாதா கோயில் என்கிறார்கள், பள்ளி என்பதில்லை. வைணவர்களுக்கோ அடைமொழி எதுவும் இல்லாமல் "கோயில்" என்றாலே ஸ்ரீரங்கம்தான். அந்தக் கோயிலுக்குள் இருப்பவரோ பள்ளியில் இருக்கிறார். காவிரிக்கு அந்தக் கரை கோயில், இந்தக் கரை பள்ளி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பள்ளிக்குப் பரதேசிப் பள்ளி என்று பெயர். தமிழ்க் காதுக்கு வசவாக இருக்கும். அங்கே அது பிறதேசத்தார் என்ற பழைய பொருளிலேயே நிற்கிறது: ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிந்தி வந்த யூதர்கள். அரண்மனைக் கோயிலை ஒட்டிய நிலத்தில் கட்டிய பள்ளி அது. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வேறு நாட்டு யூதர்களுக்கு இது புதுமை; நமக்கு இயல்பு. தரையில் நீலக் கோலமிட்ட சீனத்து ஓடுகள். வேதம் வாசிக்கும் மேடை நடுக்கூடத்தில் ஒன்று, மாடியில் இன்னொன்று. இரண்டு மேடை வைப்பது கொச்சிப் பள்ளிகளுக்கே உரிய வழக்கம்.

ஆனால் கூடும் வீட்டுக்குக் கூடுவதற்கு ஆள் வேண்டும். முழுத் தொழுகை நடக்கப் பத்துப் பேர் சேர வேண்டும் என்பது யூத விதி. அந்தப் பதின்மருக்கு மின்யான் என்று பெயர். இஸ்ரேல் நாடு பிறந்தபின், 1950களில் கொச்சி யூதர் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் பத்தாவது ஆளுக்கு வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலை வந்து பல காலம் ஆகிறது. எர்ணாகுளம் கடவும்பாகம் பள்ளியின் முகப்பில் அலங்கார மீனும் செடியும் விற்கும் கடை நடந்தது. கடைக்குப் பின்னால் பள்ளி. பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள பள்ளிகள் அருங்காட்சியகங்கள் ஆகிவிட்டன. மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் மர வேலைப்பாட்டைக் கழற்றிக் கொண்டுபோய் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குள் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள்.

மரத்தோடு சொல்லும் போயிற்று. கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பாடிய மலையாளப் பாட்டுகளில் இந்தக் கூடங்களுக்குப் பள்ளி என்றே பெயர். இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்து ஓரம் நெவாத்திம் என்ற குடியிருப்பில் அவர்களில் பலர் குடியேறினார்கள். பாட்டு நோட்டுகளும் பெட்டியில் கூடவே போயின. சிரா என்ற முனிவர் கல்லில் தலை சாய்த்த இடத்தின் சொல் அங்கே பாட்டில் இருக்கிறது. இங்கே, தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில், நடத்துநர் கடைசி ஆளையும் ஏற்றிக்கொண்டு விசில் ஊதுகிறார்.